12 அடி உயரத்தில் சாய்வு சீலிங்: நனைந்த ஜிப்சம் போர்டை வெட்டி எடுப்பது எப்படி?

மேல்மாடி (கேள்வி)

வணக்கம். எங்கள் ஹாலில் சீலிங் சாய்வானது. கூரையின் வாட்டத்தோடு, கைமரங்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) அடியில் நேராக ஜிப்சம் போர்டு அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தாழ்ந்த பக்கம் தரையிலிருந்து 9 அடி, உச்சியில் 15 அடி. போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப் வாட்டம் 30 டிகிரி என்று காட்டுகிறது.

பக்கச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுமார் 12 அடி உயரத்தில், ஒரு மஞ்சள் கறை. முதலில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. போன மழைக்குப் பிறகு ஒன்றரை அடிக்குப் பரவி, ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையமும் கட்டிவிட்டது. துடைப்பக் கட்டையின் நுனியால் தட்டிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் ‘டொக் டொக்’ என்கிறது, கறையின் நடுவில் மட்டும் ‘தொப் தொப்’. அந்த இடத்தை வெட்டி எடுத்து, எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்த்து, கூரையைச் சரிசெய்த பிறகு புதுத் துண்டு வைத்து மூடலாம் என்று எண்ணம்.

சுவரில் ஜிப்சம் போர்டு வெட்டிப் பழக்கம் உண்டு. ஸ்விட்ச் பெட்டிக்கு ஓட்டை போட்டிருக்கிறேன். ஆனால் தலைக்கு மேலே, அதுவும் சாய்வில், கத்தி வைத்ததில்லை. கையில் இருப்பது ஒரு மடக்கு ஏணி, ஜிப்சம் வெட்டும் கைரம்பம், கட்டர் கத்தி, மல்டி டூல் (பிளேடு அதிர்ந்து வெட்டும் மெஷின்). ஏணியில் நின்றே முடித்துவிடலாமா? மெஷினில் வெட்டுவதா, கையால் வெட்டுவதா? கறையைச் சுற்றி ஒரு சதுரம் போட்டால் போதுமா? சோபாவையெல்லாம் வெளியே எடுக்க வேண்டுமா, போர்வை போட்டு மூடினால் போதுமா? கடைசிக் கேள்வி என்னுடையது இல்லை, வீட்டில் கேட்கச் சொன்னது.

ரசமட்டம்

வீட்டில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வெளியே எடுத்துவிடுங்கள். நனைந்த ஜிப்சம் தூளாக மட்டும் விழாது, சேறாகவும் விழும். பெயின்டும் பழுப்புத் தண்ணீரும் கலந்த அந்தச் சேறு துணியில் பட்டால் போகாது. அதைவிட முக்கியம், சாரம் உருட்டுவதற்குத் தரை காலியாக இருக்க வேண்டும்.

ஆமாம், சாரம்தான். ஏணி வேண்டாம். சீலிங் வேலைதான் எனக்குப் பிழைப்பு, ஏணியில் ஏறாத நாள் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். ஏணியில் நின்று பல்பு மாற்றலாம், ஒரு ஸ்க்ரூ முடுக்கலாம். வெட்டும்போது ஒரு கை ரம்பத்தில், இன்னொரு கை துண்டைத் தாங்குவதில் போய்விடும். ஏணியைப் பிடிக்க எந்தக் கை? ரம்பம் போர்டைத் துளைத்துக்கொண்டு ‘சடக்’ என்று உள்ளே போகிற அந்த நொடியில் உடம்பும் அதன் பின்னாலேயே போகும். தரையில் நின்றால் அது ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். ஏணியின் எட்டாவது படியில் அப்படி இல்லை. மடக்கு ஏணி வேண்டாம் என்று சாத்தும் ஏணியைக் கொண்டுவந்து சாய்வு சீலிங்கிலேயே சாத்துகிறவர்களும் உண்டு. மேல்நுனி வாட்டத்தில் வழுக்கி மேலே ஏறும், கீழ்க்கால் பின்னால் ஓடும். அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் உருட்டும் சக்கரச் சாரம் வாடகைக்குக் கிடைக்கும். நிற்கும் பலகையின் உயரம், சாரத்தின் அடியில் குறுகலான பக்கத்தின் அகலத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அடி இரண்டரை அடி என்றால் பலகை ஏழு, ஏழரை அடி வரை போகலாம். உங்களுக்கு 6 அடி போதும். அப்போது சீலிங் தலைக்கு அரை அடி மேலே நிற்கும், முழங்கை மடங்கியபடி வேலை செய்யலாம். கையை முழுசாக நீட்டி வெட்டினால் கோடு கோணும், கழுத்தும் போகும். சக்கரம் நான்கையும் பூட்டுங்கள், இடுப்பு உயரக் கம்பியை மாட்டுங்கள், மேலே ஆள் நிற்கும்போது யாரையும் தள்ளச் சொல்லாதீர்கள். இன்னொன்று, 30 டிகிரி வாட்டத்தில் சாய்வோடு 2 அடி மேலே போனால் உயரம் 1 அடி கூடும். வெட்டு மேலே போகப் போகப் பலகையையும் ஏற்ற வேண்டிவரும். எட்டி எட்டி வெட்டாதீர்கள்.

சரி, எங்கே வெட்டுவது? இதில்தான் சாய்வு சீலிங் ஆளை ஏமாற்றும். கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. கூரையில் புகுந்த தண்ணீர் கைமரத்தின் பக்கவாட்டிலோ போர்டின் முதுகிலோ வாட்டத்தோடு ஓடிவந்து, எங்கே ஒரு ஜாயின்டோ ஸ்க்ரூவோ வழியை மறிக்கிறதோ அங்கேதான் கீழே ஊறும். அதனால் கறையைச் சுற்றிச் சதுரம் போடாதீர்கள். வெட்டு கறையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேல் நோக்கிப் போக வேண்டும். எவ்வளவு தூரம் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் கறையின் மேல் ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, டார்ச்சும் போன் கேமராவும் விட்டுப் பாருங்கள். மரத்தில் ஈரத்தின் தடம் மேலே போவது தெரியும். போர்டின் முதுகுப் பேப்பர் காய்ந்து வெளிர் நிறமாக இருக்கும் இடம் வரை திறந்தால் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. கறையின் நடு கொஞ்சமாவது தொங்குகிறதா என்று ஓரத்திலிருந்து பாருங்கள். தொங்கினால் முதுகில் தண்ணீர் நிற்கிறது. கீழே வாளி வைத்து, நீங்கள் பக்கவாட்டில் நின்றுகொண்டு, தொங்கலின் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து. வடிந்த பிறகு மற்றது.

கோடு போடும் விஷயம். ஒரு சின்ன காந்தத்தைச் சீலிங்கில் நகர்த்தினால் ஸ்க்ரூத் தலைகளில் ஒட்டும். அந்த வரிசைதான் கைமரம். நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலமோ 24 அங்குலமோ இருப்பது வழக்கம். ஒரே வரிசையில் தூரம் தள்ளி இரண்டு ஸ்க்ரூ கண்டுபிடித்து நூல் பிடியுங்கள். அதுதான் உங்கள் மேலும் கீழுமான கோடு. குறுக்குக் கோட்டுக்கு ரசமட்டம் வைக்கலாம், ஏனென்றால் வாட்டத்தில் குறுக்கே போகிற கோடு மட்டமாகவே இருக்கும். மேலும் கீழும் போகிற கோட்டுக்குத் தூக்குகுண்டை நம்பாதீர்கள், சாய்வில் அது உதவாது. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்துச் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளவு எல்லாமே சாய்வில் எடுங்கள். தரையில் அளந்து மேலே கொண்டுபோனால் 30 டிகிரியில் ஒவ்வொரு அடிக்கும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் குறையும்.

இப்போது கத்தி. போர்டு பெரும்பாலும் 12.5 மிமீ, நம் கணக்கில் நாலு நூல். என் வழி கட்டர் கத்திதான். புது பிளேடு போட்டு, ஒரு அலுமினியப் பட்டியைப் பிடித்து, முதல் இழுப்பு பேப்பரை மட்டும் வெட்ட வேண்டும். பிறகு அதே தடத்தில் நாலைந்து இழுப்பு. நனைந்த இடம் சோப்புக்கட்டி மாதிரி வெட்டுப்படும், காய்ந்த இடத்தில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தூசி அநேகமாகக் கிடையாது. மல்டி டூலில் கோடு நேராக வரும், வேகம் உண்டு, ஆனால் அந்த மாவு போன்ற தூசி ஹால் முழுக்க மிதக்கும், நேராகக் கண்ணுக்குத்தான் முதலில் வரும். மூடிய கண்ணாடியும் என்95 முகக்கவசமும் எப்படி வெட்டினாலும் கட்டாயம். கைரம்பம் எடுத்தால் பிளேடில் நுனியிலிருந்து 15 மிமீ தூரத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ரம்பத்தைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்துப் பிடித்து, டேப்புக்கு மேல் உள்ளே விடாமல் சின்ன இழுப்பாக அறுங்கள். பின்னால் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, எந்தப் பக்கத்தைக் கடைசியில் வெட்டுவது. மேல் விளிம்பை. முதலில் இரண்டு பக்கக் கோடு, பிறகு கீழ் விளிம்பு, கடைசியில்தான் மேல் விளிம்பு. மேல் விளிம்பில் தொங்கும் துண்டு 60 டிகிரி ஆடினால் நேராகத் தொங்கி நின்றுவிடும். கீழ் விளிம்பை விட்டுவைத்தால் மேல் முனை விடுபட்டு 120 டிகிரி சுற்றிக்கொண்டு வந்து இறங்கும், முகத்தில்தான் இறங்கும். நீங்கள் நிற்க வேண்டியது துண்டின் பக்கத்தில், அல்லது தாழ்ந்த பக்கத்தில். உச்சிப் பக்கம் நிற்காதீர்கள், ஆட்டம் அந்தப் பக்கம்தான் வரும். ஒரே துண்டாக எடுக்க ஆசைப்படவும் வேண்டாம். காய்ந்த போர்டே சதுர மீட்டருக்கு 8, 9 கிலோ. நனைந்தது இன்னும் கனம், பிடித்த இடத்தில் பிய்ந்தும் போகும். ஒரு கையால் தாங்குகிற அளவுக்குப் பட்டை பட்டையாக இறக்குங்கள். எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது.

ஃபியூஸ்

ரசமட்டம் அண்ணன் வெட்டுவதைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் கரண்ட் வேலை பார்ப்பவன், என் பங்குக்கு இரண்டு விஷயம்.

அந்த ஹாலுக்குப் போகிற பிரேக்கரை இறக்குங்கள். லைட், ஃபேன் இரண்டும் வேறு வேறு பிரேக்கரில் இருக்கலாம், பக்கத்து அறையின் வயரும் அந்தக் கூரை வழியாகவே போகலாம். சந்தேகமாக இருந்தால் மெயினையே இறக்கிவிட்டு பேட்டரி விளக்கில் வேலை செய்யுங்கள். நனைந்த போர்டு, நனைந்த மரம், கையில் இரும்பு பிளேடு, இதில் ‘கொஞ்ச நேரம்தானே’ என்பதற்கு இடமில்லை. சாய்வு சீலிங்கில் வயரைக் கைமரத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்துக் கொண்டுபோவது வழக்கம். கைமரத்தை ஒட்டி வெட்டும்போது அங்கேதான் பிளேடு தட்டும். கை நுழையும் ஓட்டை போட்டுப் பார்க்கச் சொன்னாரே, அப்போதே டெஸ்டரை உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வீடு எவ்வளவு பழையது? சீலிங்கில் சொரசொரப்பான டெக்ஸ்சர் பூச்சு இருக்கிறதா? 1980-களிலும் அதற்கு முன்பும் பூசிய டெக்ஸ்சரிலும் ஜாயின்ட் பட்டியிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்தது நிறைய. சில நாடுகளில் அதற்குப் பிறகும் ஓடியது. அப்படிப்பட்ட வீடென்றால் கத்தி வைப்பதற்கு முன் ஒரு சின்ன மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். சோதனையில் அஸ்பெஸ்டாஸ் இருப்பதாக வந்தால் இந்த இழையில் உள்ள எந்த யோசனையும் உங்களுக்கு இல்லை, அதற்கென்று இருக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

மேல்மாடி

மிக்க நன்றி. வீடு கட்டிப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, சீலிங் வழவழப்பாகத்தான் இருக்கிறது, அதனால் அந்தப் பயம் இல்லை. சாரம் சொல்லிவிட்டேன், நாளை வருகிறது. காந்தம் வைத்துப் பார்த்ததில் கைமரங்கள் 24 அங்குலத்தில் இருக்கின்றன, கறை இரண்டு கைமரத்துக்கு நடுவில்.

ஒரு சந்தேகம். பக்கக் கோடுகளை எங்கே போடுவது? கைமரத்தை ஒட்டியா, கைமரத்தின் நடுவிலா? புதுத் துண்டு எதில் உட்காரும்?

மூலைமட்டம்

கைமரத்தின் நடுவில் வெட்டுங்கள். பாதி மரம் பழைய போர்டுக்கு, பாதி மரம் புதுத் துண்டுக்கு. கூடுதல் மரம் எதுவும் வைக்க வேண்டியதில்லை, ஸ்க்ரூ நேராக ஏறும். நான் தச்சு வேலை செய்கிறேன், எப்போதும் இப்படித்தான்.

ரசமட்டம்

தச்சர் சொல்வதில் தவறு இல்லை, சுவரில் நானும் அப்படித்தான் செய்வேன். சீலிங்கில் மட்டும் எனக்கு அது பிடிக்காது. கைமரம் ஒன்றரை அங்குல அகலம் என்றால் ஆளுக்கு முக்கால் அங்குலம், அதாவது 19 மிமீ. வெட்டிய விளிம்பில் பேப்பர் மடிப்பு இல்லாததால் ஸ்க்ரூ விளிம்பிலிருந்து 12 மிமீக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும். மிச்சம் 7 மிமீ மரத்தில் ஸ்க்ரூ பிடிக்க வேண்டும். பழைய போர்டின் விளிம்பு ஈரம் பட்டு ஏற்கெனவே பொருபொரு என்று இருக்கும், அதில் இன்னும் ஒரு ஸ்க்ரூ அடித்தால் உதிரும். போதாததற்கு வெட்டுக் கோடு முழுக்கப் பழைய ஸ்க்ரூ வரிசையின் மேலேயே போகும், பிளேடு ஒவ்வொன்றிலும் இடிக்கும்.

நான் கைமரத்தின் உள்பக்கத்தை ஒட்டியே வெட்டுவேன். மரமே கத்திக்கு வழிகாட்டி. திறந்த பிறகு இரண்டு கைமரத்தின் பக்கத்திலும் இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டத்தை, அடிப்பக்கம் கைமரத்தோடு சமமாக இருக்கும்படி ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் புதுத் துண்டுக்கு முழு ஒன்றரை, இரண்டு அங்குலம் உட்கார இடம். குறுக்கே மேலும் கீழும் ஒரு சட்டம். அதை மறந்தால் அந்த விளிம்பு அந்தரத்தில் நின்று, பின்னால் பட்டி கோடு விட்டு வெடிக்கும்.

மூலைமட்டம்

சட்டம் வைப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, வேலை கூடுதல் என்பதுதான். கைமரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாக இருந்தால் என் வழியே போதும். சட்டம் வைக்கிறவர் வயர் ஓடுகிற பக்கத்தைப் பார்த்து ஸ்க்ரூ போடட்டும்.

மேல்மாடி

இன்று திறந்துவிட்டேன். கத்திதான். தூசி பற்றி வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை, அதுவே பெரிய விஷயம்.

முதல் ஓட்டையில் தெரிந்தது: போர்டுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் ஷீட், அதற்கு மேல் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு. ஷீட்டின் முதுகில் தண்ணீர் ஓடிய கோடு மேலே போகிறது. அந்தக் கோட்டைப் பின்பற்றிச் சாய்வில் 4 அடி வரை திறந்தேன். சுவரை ஒட்டி 110 மிமீ காற்றுக்குழாய் ஒன்று ஹாலின் மூலையில் தரையிலிருந்தே நேராக எழும்பி, சீலிங்கையும் கூரையையும் துளைத்து வெளியே போகிறது. அந்தக் குழாயின் மேல்தான் தண்ணீர் வழிந்திருக்கிறது, குழாயில் வெள்ளையாகத் தடமே இருக்கிறது. கூரை வேலை செய்பவர் வந்து பார்த்து, வெளியே குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் காலர் வெடித்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றார்.

இப்போது என் பிரச்சினை வேறு. குழாயைச் சுற்றி இருந்த போர்டும் ஊறிப்போய் வந்துவிட்டது. புதுத் துண்டில் அந்தக் குழாய்க்கு ஓட்டை போட வேண்டும். குழாய் செங்குத்து, போர்டு சாய்வு. வட்டமாக வெட்டினால் சேராது என்று தெரிகிறது, எவ்வளவு நீட்ட வேண்டும்? பாலிதீனையும் பஞ்சையும் என்ன செய்வது?

ரசமட்டம்

கத்தி எடுத்தது நல்லது.

முதலில் பஞ்சு. நனைந்ததை எடுத்துவிடுங்கள், அமுங்கிப்போனது காய்ந்தாலும் பழையபடி உப்பாது. முழுக்கைச் சட்டை, கையுறை, அதே முகக்கவசம். ஒரு நாள், இரண்டு நாள் ஈரம் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கைமரத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேய்த்துப் பாருங்கள். பாலிதீன் ஷீட் அங்கே காரணத்தோடுதான் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று பஞ்சுக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகாமல் தடுப்பது அதன் வேலை. நீங்கள் கிழித்த இடத்தைப் புது ஷீட் வைத்து, நாலு அங்குலம் ஏற்றிப்போட்டு, அதற்குரிய டேப்பால் ஒட்டுங்கள். குழாயைச் சுற்றியும் ஒட்ட வேண்டும்.

ஓட்டை: குறுக்கே 110 மிமீதான், அது மாறாது. வாட்டத்தோடு உள்ள நீளம்தான் கூடும். குழாயின் விட்டத்தை 30 டிகிரியின் கொசைனால் வகுத்தால் 127 மிமீ. சுற்றிலும் 5 மிமீ இடைவெளி விட்டால் 120-க்கு 137. கணக்கு வேண்டாம் என்றால், அதே அளவுக் குழாயில் ஒரு மிச்சத் துண்டு எடுத்து, ஒரு முனையை 30 டிகிரி சாய்வாக அறுங்கள். அந்த முனையைப் போர்டின் மேல் நிறுத்திப் பென்சிலால் சுற்றிவந்தால் அளவான நீள்வட்டம் கிடைத்துவிடும். இடைவெளியை அதற்கு வெளியே கூட்டிக்கொள்ளுங்கள். நான் இதைத்தான் செய்வேன். ஆப் காட்டுகிற 30 உண்மையில் 28 ஆகவும் இருக்கலாம், ஆகவே ஒரு பலகையைச் சீலிங்கில் ஒட்டிப் பிடித்து மடக்குக் கோணமட்டத்தால் கோணத்தை எடுத்து அதையே குழாய்த் துண்டுக்கு மாற்றுங்கள்.

ஒரு நுணுக்கம். ஓட்டையின் உட்சுவரும் குழாயைப் போலவே செங்குத்தாக நிற்கும்படி சாய்த்து வெட்ட வேண்டும். போர்டுக்கு நேர்க்குத்தாக வெட்டினால், 12.5 மிமீ தடிமனில் முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் 7 மிமீ விலகல் வரும். நீங்கள் விட்ட 5 மிமீ இடைவெளியை அதுவே தின்றுவிடும், போர்டு குழாயில் இடித்துக்கொண்டு உட்காராது. கைரம்பத்தைச் சாய்த்துப் பிடித்து அறுங்கள், இல்லாவிட்டால் இடிக்கிற இடங்களை அரத்தால் தேயுங்கள்.

குழாய் அங்கேயே நிற்பதால் முழுப் போர்டை அதற்குள் நுழைக்க முடியாது. நீள்வட்டத்தின் நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டு, துண்டை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக்குங்கள். அந்த ஜாயின்டுக்குப் பின்னாலும் ஒரு சட்டம். மேல் பாதியை முதலில் ஏற்றுங்கள். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் பட்டி வைக்காதீர்கள். குழாய் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும், பட்டி வெடிக்கும். அக்ரிலிக் சீலன்ட் போதும். இது வெறும் காற்றுக்குழாய் என்பதால் இந்த அளவு. படிக்கிற வேறு யாருக்காவது அது புகைபோக்கி என்றால் இந்த 5 மிமீயை மறந்துவிடுங்கள், அதைச் செய்த நிறுவனம் சொல்லும் இடைவெளிதான் சட்டம்.

ஃபியூஸ்

சட்டம் முடுக்கும்போது அந்தக் கைமரத்தில் வயர் எந்த உயரத்தில் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு பின்னால் ஃபேன் மாட்ட வருகிறவருக்கு அது பெரிய உதவி.

மேல்மாடி

எடுத்துவிட்டேன். டேப்பையும் அருகில் பிடித்துத்தான் எடுத்தேன்.

கடைசிச் சந்தேகம். காலர் மாற்றியாயிற்று. உடனே மூடிவிடலாமா, அடுத்த மழை வரை திறந்தே வைக்கலாமா? சாரம் நாள் வாடகையில் நிற்கிறது.

ரசமட்டம்

மழைக்குக் காத்திருக்க வேண்டாம், ஹோஸ் பைப்பால் சோதிக்கலாம். கூரை ஆள் இருக்கும்போதே செய்துவிடுங்கள். குழாய்க்குக் கீழே இருக்கும் கூரையில் முதலில் தண்ணீர் விடச் சொல்லுங்கள், பத்து நிமிஷம் கழித்துக் கொஞ்சம் மேலே, அப்புறம் காலரின் மேல், கடைசியில் காலருக்கும் மேலே. நீங்கள் உள்ளே டார்ச்சோடு சாரத்தில் நிற்க வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே விட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஒழுகினாலும் எந்த இடம் என்று தெரியாது.

அது தாங்கினாலும் மரம் காயாமல் மூடாதீர்கள். சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மரம் காய்ந்த பிறகு மறுபடி எடுப்பதுதான் செலவு குறைவு. அதுவரை திறப்பின் மேல் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை மேல் விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் டேப்பால் ஒட்டி, கீழ் விளிம்பை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். காற்றும் போகும், மறுபடி சொட்டினால் ஷீட்டில் ஓடி அந்தத் திறந்த விளிம்பில்தான் வரும், தரையில் நின்றே தெரியும்.

மூடும்போது 32 மிமீக்குக் குறையாத ஸ்க்ரூவை அடி இடைவெளிக்குள் போடுங்கள். தலை பேப்பரைக் கிழிக்காமல் லேசாகக் குழிய வேண்டும். கிழித்த ஸ்க்ரூ கணக்கில் இல்லை, பக்கத்தில் இன்னொன்று போட்டுவிடுங்கள். பேப்பர் டேப் வைத்து மூன்று கை (மூன்று பூச்சு) பட்டி, ஒவ்வொரு கையும் முந்தியதைவிட அகலமாக, கடைசிக் கை ஜாயின்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அடியாவது பரவ வேண்டும். சாய்வு சீலிங்கில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டாக உரசிக்கொண்டு போகும், மட்ட சீலிங்கில் தெரியாத மேடு இதில் மதியம் ஆனால் தெரியும். அதனால் ஒவ்வொரு கை காய்ந்ததும் ஒரு விளக்கைச் சீலிங்கை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், நிழல் விழுகிற இடத்தை ஈர ஸ்பான்ஜால் தேயுங்கள். உப்புத்தாளை எடுத்தால் அந்தத் தூசி மறுபடி ஆரம்பித்துவிடும்.